பட்டுச் சேலை கட்டிய குழாயடி: மரகதம் அக்காவுக்கு

பல்லாவரத்தில் மின்சார ரயில் நின்றபோது செல்வி பெட்டியில் ஏறவில்லை. தினமும் காலையில் பெண்கள் பெட்டியில் நான் பிடித்து வைத்திருக்கும் இடத்தில் வந்து உட்காருகிறவள், அன்று நடைமேடையில் நின்றபடியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எறங்குக்கா. மரகதம் அக்கா பூட்டாங்க" என்றாள். வண்டி நகரத் தொடங்கிவிட்டது. எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு செருப்பு வண்டியோடு போய்விட்டது. எதிர்ப்பக்க வண்டியைப் பிடித்து, ஒற்றைக் காலில் செருப்போடு தாம்பரம் திரும்பினேன்.

நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று அவருடைய தம்பி சொன்னார். ஐம்பத்தெட்டு வயது. சாகிற வயதா இது?

இரங்கல் எழுதும்போது அமைதியாக எழுத வேண்டும், யாரையும் குறை சொல்லக்கூடாது என்று இரண்டு பேர் எனக்குப் புத்தி சொன்னார்கள். அவர்கள் நல்லவர்கள். ஆனால் மரகதம் அக்காவைப் பற்றி அமைதியாக எழுதினால் பாதிதான் எழுத முடியும். மீதிப் பாதி, பத்து வருடத்துக்கு மேல் ஓர் அரசு அலுவலகம் அவரை நடையாய் நடக்க வைத்த கதை. அந்த அலுவலகத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் அவர்களுக்கு உறைக்காது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேற்குத் தாம்பரத்தில், மருந்துக் கடைக்கு மேலே மாடியில் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்தி வந்தவர் மரகதவல்லி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "நேரம் இல்லம்மா" என்று மட்டும் சொல்வார். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் செருப்புக்கு மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் வேலைக்குப் போக வேண்டும் என்ற ஆசையில், வேலை முடிந்து நேராக அவரிடம் வந்து சேர்ந்தேன். ஊசியும் பசையும் பட்டுத் தடித்துப் போன விரல்களை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டார். "தோலைத் தைக்கிற கைக்கு இந்தக் கட்டை எல்லாம் ஒரு பெரிய விஷயமா? அழுத்தும்மா" என்றார். அழுத்தினேன். அதனால்தான் இன்றைக்கு ஓர் அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் தெரு நாடகம் போடத் தொடங்கியதற்குக் காரணம் மின்வெட்டு. ஒரு மாலை கரண்ட் போய், இருட்டில் எழுத்து தெரியாமல் பத்துப் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். என்னோடு கம்பெனியில் வேலை பார்த்த செல்வியும் இருந்தாள். பொழுதுபோகாமல், அன்று காலையில் தன் தெருக் குழாயடியில் நடந்த சண்டையை அவள் எழுந்து நடித்துக் காட்டினாள். ஐந்து பொம்பளைகளையும் அவளே செய்தாள். ஐந்து குரல், ஐந்து விதமாய் இடுப்பில் கை. மரகதம் அக்கா சிரித்துச் சிரித்து, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரண்ட் வந்த பிறகும் யாரும் தட்டச்சு செய்யவில்லை. இதையே ஞாயிற்றுக்கிழமை தெருவில் செய்தால் என்ன என்று கேட்டார். நாங்கள் விளையாட்டாகச் சரி என்றோம். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை.

அப்படி உருவானதுதான் 'எத்தனாவது குடம்'. தண்ணீர் வருவது ஒரு மணி நேரம். வரிசையில் நிற்பது எழுபது குடம். யாரோ ஒரு பெரிய வீட்டுக் குடம் மட்டும் வரிசையில் நிற்காமலே நிரம்பிப் போகும். அவ்வளவுதான் கதை. இரும்புலியூரில் தெரு முனையில் முதன்முதலாகப் போட்டோம். பிறகு பீர்க்கன்கரணை ஏரிக்கரையில், பல்லாவரம் சந்தைக்குப் பின்னால் என்று மாதம் ஒரு தெரு. ஒவ்வொரு தெருவுக்கும் அக்கா இரண்டு நாள் முன்னதாகவே போய், இங்கே தண்ணீர் எப்போது வரும், யார் வீட்டுக் குடம் முதலில் நிரம்பும் என்று பெண்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருவார். தெருவுக்குத் தெரு வசனம் மாறும். நாடகம் முடிந்ததும், "இப்படி இல்லம்மா நடந்தது" என்று கூட்டத்திலிருந்து யாராவது எழுந்து வருவார்கள். "அப்ப நீங்களே நடிச்சுக் காட்டுங்க" என்று அக்கா அவரையும் இழுத்துவிடுவார். அந்தப் பெண்களில் பாதிப் பேர் அதுவரை நாலு பேர் முன்னால் வாயைத் திறந்திராதவர்கள். ஒரு தெருவில் இப்படி எழுந்து வந்து பேசியவர்களே அடுத்த வாரம் குடத்தோடு பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இரண்டாவது குழாய் வந்தது.

எங்கள் வீடுகளில் ஒரே கேள்விதான். பொழுது சாய்ந்த பிறகு யார் கொண்டு வந்து விடுவார்கள்? இதற்குப் பதில் சொல்லாமல் எந்த மாமியாரும் எந்தப் புருஷனும் எங்களை அனுப்பத் தயாராக இல்லை. அக்கா வேன் ஏற்பாடு செய்தார். ஒவ்வொருத்தியையும் வாசலில் இறக்கி, உள்ளே போய் விளக்கைப் போடும்வரை வேனை நிறுத்தி வைப்பார். வேன் இருந்தால் குழு உண்டு, வேன் இல்லாவிட்டால் குழு இல்லை. வேனுக்கும் மைக் செட்டுக்கும் தட்டச்சு வகுப்பில் வந்த காசைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த நிலைமையில்தான், உள்ளூர்க் கலைக் குழுக்களுக்கு அரசு உதவித் தொகை என்ற அறிவிப்பைப் பேப்பரில் பார்த்துவிட்டு எங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். செல்வி நம்பவில்லை. "நமக்கெல்லாம் எங்கக்கா குடுக்கப் போறாங்க?" என்றாள். அதற்கு அக்கா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "அவங்க யாரு செல்வி குடுக்கறதுக்கு? நீ தீப்பெட்டி வாங்குற, சோப்பு வாங்குற, எல்லாத்துலயும் வரி கட்டுற. நம்ம பணம். நாம கேட்டு வாங்கறோம், அவ்ளோதான்."

சங்கமாகப் பதிவு செய்தார். விண்ணப்பத்தை ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் தட்டச்சு செய்து, ஐந்து பிரதி எடுத்து, நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. ஓர் அதிகாரி நேரில் வந்து எங்கள் நிகழ்ச்சியைப் பார்வையிடுவார்.

அங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம். அதிகாரி வருகிறார் என்றதும் இரும்புலியூரில் அந்தத் தெருவே பரபரத்தது. தரையில் உட்கார வைப்பதா, தெரு விளக்கில் நாடகம் காட்டுவதா என்று ஆளாளுக்குப் பதறினார்கள். பந்தல் கடை வைத்திருந்த காதர் பாய், "நம்ம ஊரு மானம்மா இது" என்று சொல்லிக் காசு வாங்காமல் ஷாமியானா போட்டுக் கொடுத்தார். சீரியல் விளக்கு வந்தது. முன் வரிசைக்குக் குஷன் நாற்காலி வந்தது. ஒரு வீட்டிலிருந்து வெள்ளித் தட்டு, இன்னொரு வீட்டிலிருந்து ஆப்பிள். அக்கா தாமே போய் ஒரு சால்வை வாங்கி வந்தார். நாங்கள் என்ன செய்தோம்? ஆளுக்கொரு பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டோம். இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினார்கள். நகையும் இரவல். செல்வி மட்டும், "பட்டுப் பொடவ கட்டிகினு எவளாவது தண்ணி புடிக்க வருவாளாக்கா?" என்று முணுமுணுத்தாள். நல்ல நாளும் அதுவுமாக வாயை மூடு என்று அவளை அடக்கியது நான்தான்.

பட்டு சரசரக்க, கல் வைத்த தோடு மினுமினுக்க, ஒரு குடம் தண்ணீருக்காக நாங்கள் அன்று அடித்துக்கொண்டோம். அதிகாரி சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஆப்பிளை வாங்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு போனார். நாங்கள் மலை போல நம்பினோம்.

இரண்டு மாதம் கழித்து வந்த கடிதத்தில் ஒரே ஒரு பத்தி. குழுவினர் வசதி படைத்தவர்களாகக் காணப்படுவதாலும், சொந்தச் செலவில் சிறப்பாக நிகழ்ச்சி நடத்தும் நிலையில் இருப்பதாலும், உதவித் தொகைக்குப் பரிந்துரைக்க இயலவில்லை. அக்கா அதை இரண்டு தடவை படித்தார். முகம் சிவந்துவிட்டது. "தப்பு என்னுதுதான். நாம ஏழையாத் தெரியக் கூடாதுன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

அவர் தப்பா அது? வெளியிலிருந்து ஒருவர் வந்தால், வீட்டில் இல்லாவிட்டாலும் அடுத்த வீட்டில் வாங்கி வைத்தாவது உபசரிப்பது இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அந்த அதிகாரிக்கும் தெரியும். அவருடைய அம்மாவும் எத்தனையோ தடவை சர்க்கரை கடன் வாங்கிக் காபி போட்டுக் கொடுத்திருப்பார். சால்வையை வாங்கிக்கொண்ட மனிதர், சால்வை வாங்கக் காசு இருக்கிறதே என்று எழுதிவிட்டுப் போனார். அந்த ஆப்பிள் அவருக்கு எப்படிச் செரித்ததோ, எனக்குத் தெரியவில்லை.

மறுவருடம் மறுபடி விண்ணப்பித்தார். இந்தத் தடவை வேறோர் அதிகாரி. அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வழக்கமாக என்ன செய்வோமோ அதுதான். பந்தல் வேண்டாம், சால்வை வேண்டாம், அவரவர் அன்றாடம் கட்டுகிற சேலை. வந்தவருக்குத் தட்டச்சு நிலையத்து ஸ்டூல் ஒன்றைப் போட்டோம். அவர் அதில் அரை மனதாக உட்கார்ந்து, பத்தே நிமிடத்தில் எழுந்து போய்விட்டார். கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து வந்து தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் ஜீப் கிளம்பும் சத்தம்தான் எங்களுக்குக் கேட்டது.

கடிதம் வந்தது. தகுந்த மேடை, ஒப்பனை, உடை ஆகியவை இல்லை. கலைத்தரம் எதிர்பார்க்கும் அளவில் இல்லை.

நான் அழுதேன். செல்வி மெட்ராஸ் பாஷையில் இருந்த எல்லா வார்த்தைகளையும் பயன்படுத்தினாள், அவற்றை இங்கே எழுத முடியாது. அக்கா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, அந்த அலுவலகத்துக்குப் போனார். மேலதிகாரி ஒருவரின் மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நல்லா உடுத்தினா பணக்காரங்க, சாதாரணமா உடுத்தினா தரம் இல்லை, அப்படியென்றால் நாங்கள் என்ன உடுத்திக்கொண்டு நடிக்க வேண்டும் என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

அந்த மேலதிகாரி கடிதங்களைப் பார்க்கவில்லை. நாடகம் எதைப் பற்றியது என்று விசாரித்தார். கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே ஒரு யோசனை சொன்னார். "அந்தப் பெரிய வீட்டுக் குடம் வர்ற சீன் மட்டும் வேணாம்மா. அதை எடுத்துட்டு, தண்ணியைச் சிக்கனமா பயன்படுத்தணும்னு நாலு வரி சேத்துடுங்க. இந்த வருஷமே நானே பரிந்துரை பண்றேன்."

எழுபது குடம் வரிசையில் நிற்கிறவளிடம் போய், சிக்கனமாக இரு என்று நாங்கள் சொல்ல வேண்டுமாம். அதுவும் அவள் கட்டுகிற வரியிலிருந்து வருகிற பணத்துக்காக.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அக்கா தாமாக முடிவெடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை குழுவைக் கூட்டி, மேலதிகாரி சொன்னதை அப்படியே சொல்லி, எடுத்துவிடலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார். நான் தூக்கினேன். வேன் காசு அவர் தலையிலேயே விழுந்துகொண்டிருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் தூக்கினேன். என்னோடு சேர்த்து ஆறு கைகள் மேலே போயின. இருந்ததே பத்துப் பேர்.

அக்கா கைகளை எண்ணிவிட்டு, சரி என்று தலையாட்டினார். "அப்ப எடுத்துடலாம். ஒத்திகை பாப்போம்" என்றார். குழாயடி வரிசையில் நின்றோம். பெரிய வீட்டுக் குடம் வரும் இடம் வந்தது. செல்வி அந்த இடத்தில் நின்றுவிட்டாள். குடம் வரவில்லையென்றால் அவள் எதற்குச் சண்டை போட வேண்டும்? எதிரே நின்ற என்னைப் பார்த்தாள். எனக்கும் சொல்ல வசனம் இல்லை. அக்கா காத்திருந்தார். முதலில் கையைத் தூக்கிய நானே, வேண்டாம்க்கா, விட்டுடுங்க என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

விண்ணப்பம் மட்டும் முடியவில்லை. காட்சியையும் எடுக்க மாட்டேன், கேட்பதையும் நிறுத்த மாட்டேன் என்று ஒவ்வொரு வருடமும் புதிதாகத் தட்டச்சு செய்து, ரயிலேறிப் போய், அதே கவுண்டரில் கொடுத்துவிட்டு வருவார். ஒரு வருடம் நிதி முடிந்துவிட்டது என்பார்கள். ஒரு வருடம் கடைசித் தேதி போய்விட்டது என்பார்கள். அவர் கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்னால் கொடுத்து, முத்திரை வாங்கி வைத்திருப்பார். அதைக் காட்டினால், ஃபைலைக் காணோம் என்பார்கள். "எதுக்குக்கா இந்தப் பேஜாரு?" என்று செல்வி ஒரு நாள் கேட்டாள். "நான் போகலேன்னா கேட்கறதுக்கு ஆளே இல்லேன்னு எழுதிக்குவாங்க" என்றார்.

தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்தது. தட்டச்சு கற்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். மாடியில் இருந்த இயந்திரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். நாங்களும் நம்பினோம். விற்றுத்தான் வேனை ஓட்டினார் என்பது அவர் தம்பி சொல்லி, இறந்த அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். பன்னிரண்டில் மூன்றுதான் மிச்சம். நாங்கள் வாசலில் இறங்கி, உள்ளே போய், விளக்கைப் போட்டதெல்லாம் எதனால் என்று நினைத்தால் எனக்கு என் மேலும் ஆத்திரமாக வருகிறது. ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டாமா?

மூன்றாம் நாள் அக்கா வீட்டுக்கு ஒருவர் வந்தார். அந்த அலுவலகத்திலிருந்துதான். வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். மாலை கொண்டு வந்திருந்தார். படத்துக்குப் போட்டுவிட்டு, தம்பியிடம் துக்கம் விசாரித்துவிட்டு, என்னைத் தனியே கூப்பிட்டார். மேலதிகாரிகள் ரொம்ப வருத்தப்பட்டார்களாம். மேடத்தின் புகைப்படம் ஒன்றும் வாழ்க்கைக் குறிப்பும் கொடுத்தால் அலுவலகம் வெளியிடும் மலரில் போடுவார்களாம். அதோடு விடவில்லை. "அவங்க நினைவா குழு தொடர்ந்து நடக்குதுன்னு ஒரு அப்ளிகேஷன் போடுங்க மேடம். இறந்துட்டாங்கன்னு மேலேயே குறிப்பிடுங்க. இந்த வருஷம் கண்டிப்பா கிடைச்சுடும்."

அவரை நான் குற்றம் சொல்லவில்லை. உதவி செய்வதாகத்தான் அவர் நினைத்தார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பட்டு கட்டியபோது இவர்களுக்கு நாங்கள் பணக்காரர்கள். நூல் சேலை கட்டியபோது தரமற்றவர்கள். இப்போது மரகதம் அக்கா செத்துப்போனார், அதனால் தகுதி வந்துவிட்டது. ஒரு பெண் பொதுப் பணத்தைக் கேட்பதற்கு இந்த ஊரில் இதுதான் விதிமுறை என்றால், அதை அறிவிப்பிலேயே போட்டிருக்கலாம். அக்காவும் வீணாக ரயிலுக்குச் செலவு செய்திருக்க மாட்டார்.

போய் வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டேன். புகைப்படம் கொடுக்கவில்லை. அதைக் கண்டு, அந்தப் பணமே நமக்கு வேண்டாம், மானத்தோடு இருப்போம் என்று குழுவில் ஓரிருவர் சொன்னார்கள். நானும் ஒரு நாள் முழுக்க அப்படித்தான் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், அவர்களுக்கும் அதுதானே வேண்டும்? நாமே கேட்காமல் விட்டால் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுகிற வேலை மிச்சம்.

அதனால் மிச்சமிருந்த மூன்று இயந்திரங்களில் ஒன்றின் முன் உட்கார்ந்து விண்ணப்பத்தை நானே தட்டச்சு செய்தேன். குழுவின் பணி என்ற இடத்தில் பெரிய வீட்டுக் குடத்தோடு சேர்த்து முழு நாடகத்தையும் எழுதினேன். உதவி கோரும் காரணம் என்ற இடத்தில், பெண்களைப் பத்திரமாக வீடு சேர்க்கும் வேன் என்று எழுதினேன். அக்கா இறந்துவிட்டார் என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் இல்லை. அவர் சாவைக் காட்டிக் காசு கேட்க மாட்டேன். காசைக் கேட்காமலும் விட மாட்டேன். தலைவர் பெயர் என்ற கட்டத்துக்கு வந்தபோதுதான் கை ஓடவில்லை. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, என் பெயரை அடித்தேன்.

சென்ற வாரம் வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, செல்வியையும் அழைத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்கு நேரில் போனேன். ஓர் அறையில் மாலை வாங்கி அனுப்பியவர்கள், பக்கத்து அறைக்குச் சொல்லவில்லை போலும். கவுண்டரில் இருந்த வயதான குமாஸ்தா உறையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தாம்பரம் மேடம் வரலையா?"

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. இத்தனை வருடமாக முத்திரை குத்திக் கொடுத்தவர்.

"வரல சார். இனிமே நான்தான் வருவேன்" என்றேன்.

அவர் முத்திரை குத்தி, தேதி போட்டு, அடுத்த மாதம் வந்து பார்க்கச் சொன்னார். தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொண்டேன்.

அக்கா, நீங்கள் நடந்தது போதும், உட்காருங்கள். அடுத்த மாதம் நான் போகிறேன்.